பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் செய்த முதலுதவி

நீச்சல் சுத்தமாகத் தெரியாதவர்கள் கிணற்று மேட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் குதிப்பார்கள். முதலுதவி விஷயத்தில் நான் இரண்டாவது ரகம்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் விருதுநகரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு முகாமில், தொண்டையில் உணவு அடைத்தால் என்ன செய்வது என்று ஒரு டாக்டர் வகுப்பெடுத்தார். முதுகில் எப்படித் தட்டுவது, பின்னால் நின்று வயிற்றை எப்படி அமுக்குவது என்பதையெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். அதற்குள் வெளியே வடை வந்துவிட்டது. எழுந்து போய்விட்டேன். இதையெல்லாம் யாருக்குச் செய்யக் கூடாது என்பதை நான் வடை தின்ற நேரத்தில்தான் அவர் சொல்லியிருக்கிறார். (வடையும் சுமார்தான்.)

அந்தக் காலாண்டு விடுமுறைக்கு அக்கா மகள் பெனிட்டாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துக்குப் போனேன். அக்கா அங்கே டீச்சர். பெனிட்டாவுக்கு ஆறு வயது. தூங்கும் நேரம் தவிர வாய் ஓயாது. கிளம்பும்போது அக்கா, “பஸ்ஸுல அவளுக்கு ஒண்ணும் திங்கக் குடுக்காதடி” என்றாள். தலையை ஆட்டினேன். சாத்தூர் வந்து பஸ் மாறும்போது காரச்சேவு வாங்கினேன். சாத்தூரில் இறங்கியவர்கள் சேவு வாங்காமல் ஏறுவது அந்த ஊரை அவமதிப்பதாகும் என்பது என் கருத்து.

தீபாவளி சீசன். ரோடு முழுக்கப் பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள். ஒரு லாரி திடீரென்று ஒதுங்க, எங்கள் டிரைவர் பிரேக்கை மிதித்தார். எல்லாரும் முன்னால் போய்த் திரும்பி வந்தோம். வாயில் சேவோடு இருந்த பெனிட்டா தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பிறகு சொன்னாள்:

“சித்தி, சேவு தொண்டையில குத்திக்கிட்டு நிக்குது. எச்சி முழுங்குனா வலிக்குது. ஏன் சித்தி?”

இவ்வளவு பேசுவதற்கு மூச்சு வேண்டும், அது அவளிடம் தாராளமாக இருந்தது என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது ‘நிக்குது’ என்ற ஒரு சொல்தான். அவளைக் குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தேன்.

“ஏன் சித்தி அடிக்கிறீக?”

“அடிக்கல பாப்பா, காப்பாத்துறேன்.”

பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா தூக்குவாளியைத் திறந்து, “சோத்த உருட்டி முழுங்கச் சொல்லு தாயி” என்றார். பின் சீட்டுக்காரர், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னார். எங்களுக்கு எதிரே, தும்பைப்பூ நிறத்தில் வேட்டி சட்டையோடு ஒருவர், மடியில் பழத்தட்டுடன் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பெண் வீட்டில் பூ வைக்கப் போகிறாராம். அந்தத் தட்டிலிருந்தே ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டி, “இதக் குடுங்க, வழுக்கிக்கிட்டு எறங்கிரும்” என்றார்.

நான் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவள். சோறு கொடுத்தேன். பழம் கொடுத்தேன். தலைகீழாகத் தூக்கத்தான் முடியவில்லை. பெனிட்டா கம்பியை விடவில்லை. கடைசியில் முகாமில் கற்ற வித்தையை எடுத்தேன். பின்னால் நின்று, கையைக் கோத்து, வயிற்றை உள்ளுக்கும் மேலுக்குமாக ஒரே அமுக்கு.

சோறும் பழமும் சேர்ந்து வெளியே வந்தன. வெளியே என்றால் தும்பைப்பூச் சட்டையின் மேல்.

சேவு வரவில்லை. ஆகவே வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். பெனிட்டா கடித்தாள். சாதாரணக் கடி இல்லை, ரத்தம் வந்தது. அதோடு அவள் வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

“பாப்பா, பேசு.”

பேசவில்லை.

“பெனிட்டா! சித்தியப் பாரு!”

பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து வாய் ஓயாத பிள்ளை வாய் ஓய்ந்திருந்தது. அக்காவின் முகம் கண் முன்னால் வந்தது. “ஐயோ, பேச்சு நின்னுபோச்சே!” என்று நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசிலை ஊதினார். “அண்ணே, வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!”

இடையில் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல், இறங்க வேண்டியவர்களையும் சுமந்துகொண்டு, பஸ் விருதுநகர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பெனிட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் பாதிப் பஸ் ஓடிவந்தது.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “என்னம்மா பண்ணுது?”

பெனிட்டா வாயைத் திறந்தாள். “சித்தி முதுகுல அடிச்சாக. வயித்த அமுக்குனாக. வாய்க்குள்ள கைய விட்டாக. அதான் கடிச்சேன். நான் சித்திகூட டூ. இனிமே பேச மாட்டேன்.”

டாக்டரம்மா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். (சிரிப்பை அடக்கியிருக்கிறார்.) பிறகு டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்தார்.

“சேவு அப்பவே எறங்கிருச்சு. போற வழியில கீறிவிட்டிருக்கு. அந்தக் கீறல் ஆறுற வரைக்கும் ஏதோ நிக்கிற மாதிரியேதான் இருக்கும்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “புள்ள பேசுது, இருமுது, நல்லா மூச்சு விடுதுன்னா அதையே இருமவிடணும். முதுகுல தட்டுறது, வயித்த அமுக்குறதெல்லாம் பேச்சும் வராம, இருமவும் முடியாம மூச்சு முட்டுற புள்ளைக்கு. கண்ணுக்குத் தெரியாததத் தேடி விரல விடவே கூடாது, உள்ள தள்ளிரும். சோறு, பழம்னு மேல மேல திணிக்கவும் கூடாது. எச்சி முழுங்க முடியாம வடிஞ்சாலோ, மூச்சு வாங்குனாலோ, வலி கூடுனாலோ உடனே தூக்கிட்டு வாங்க.”

பிறகு என் விரலைப் பார்த்தார். அந்த அறையில் வைத்தியம் தேவைப்பட்ட ஒரே ஆள் நான்தான். கட்டுப் போட்டு ஊசியும் போட்டார்கள்.

வெளியே பஸ் ஜனம் காத்திருந்தது. “பாப்பாவுக்கு எப்படி இருக்கு?” என்றார் தீப்பெட்டி ஆபீஸ் அம்மா. “எனக்கு ஒண்ணுமில்ல, சித்திக்குத்தான் ஊசி” என்று பெனிட்டா கூட்டத்துக்கே அறிவித்தாள். பழத்தட்டுக்காரர் சட்டையைக் குழாயடியில் கசக்கிக்கொண்டிருந்தார். “புள்ள நல்லாருக்குல்ல, அது போதும்மா” என்றவர், ஈரத்தைப் பிழிந்தபடி, “பொண்ணு வீட்டுலதான் என்ன சொல்லப் போறேன்னு தெரியல” என்றார்.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கல்யாணம். கேக் ஊட்டியபோது மாப்பிள்ளைக்குப் புரையேறியது. பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான், அப்பா, அம்மா, அக்கா, அத்தான் எல்லாரும் மேடையை நோக்கி ஒரே குரலில், “நீ தொடாத!” என்றார்கள். போதகரே ஓரடி பின்வாங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெனிட்டா மேடையேறினாள். எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்டாள்:

“சித்தப்பா, உங்க பேரு என்ன?”

அவர் இருமிக்கொண்டே பேரைச் சொன்னார்.

“பேசுறாக” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “இருமவிடுங்க.”

இன்றும் எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டு நேரத்தில் யாருக்காவது புரையேறினால் உடனே பேரைக் கேட்கிறார்கள். நான் கேட்டால் மட்டும், எம்புட்டு இருமலிலும், கையெடுத்துக் கும்பிட்டு முழுப் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.