ஹேமா மிஸ்ஸின் முகூர்த்தப் புடவையில் ஒரு செல்

படம் வரைய வராதவர்கள் பயாலஜி எடுக்கக் கூடாது. எடுத்தே தீருவேன் என்றால் வீட்டுக்கு வீடு பட்டு நெய்கிற பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

ப்ளஸ் ஒன்னில் செல் பிரிதல் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டில் படம் போடச் சொன்னார் ஹேமா மிஸ். நான் வட்டம் போட்டால் அது மெதுவடை (ஓட்டை இல்லாததுதான் குறை). ஆனால் என் அப்பா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். வீடு முழுக்க கிராப் தாள். கட்டம் கட்டமாக நிரப்பினால் எந்தக் கோணல் கையும் நேராகிவிடும் என்று பார்த்தே வளர்ந்தவள் நான். அப்பாவின் மேஜையில் உட்கார்ந்து, அவருடைய சிவப்புப் பென்சிலாலேயே ஒரு செல் போட்டேன். குரோமோசோம்கள் இரண்டு கூட்டமாகி ஆளுக்கொரு பக்கம் விலகும் நிலை. அனாபேஸ் என்பார்கள். அதன் அழகில் நானே சொக்கிப்போய், தாளை மேஜையிலேயே விட்டுவைத்தேன்.

அந்தச் சமயம் அப்பா சென்னையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் படுத்துவிட்டார். அட்டை குத்தும் ஏகாம்பரம் அண்ணன் வந்தார். அப்பா போட்ட கட்டங்களைப் பார்த்து, தறியில் மாட்டும் அட்டைகளில் ஓட்டை குத்துவது அவர் வேலை.

"அப்பா மாங்கா புட்டா போட்டு வெச்சிருக்காராமே, எங்கமா?"

"மேஜை மேலதான்ணா இருக்குது, எடுத்துக்கோங்க." நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை (படிப்பாளி என்று அவர் நினைக்க வேண்டுமே).

தாளை எடுத்துப் பார்த்தவர், "இன்னாமா இது, புது மாதிரி மாங்காவா?" என்றார்.

"ம்" என்றேன்.

அப்பா திரும்பி வந்து நெசவாளர் வீட்டுக்குப் போனபோது முக்கால் புடவை முடிந்திருந்தது. அரக்கு நிறப் பட்டெங்கும் புட்டாவுக்குப் புட்டா, மாங்காய் இருக்கவேண்டிய இடத்தில் ஜரிகையில் என் செல். "நான் நெய்யறவன்பா. அட்டை இன்னா சொல்லுதோ அதை நெய்வேன்" என்று நெசவாளர் கையை விரித்துவிட்டார். புதிதாகப் பாவு பூட்டி நெய்ய நாளில்லை. கல்யாணத்துக்குப் பத்தே நாள். கல்யாணப் பெண் யார் என்கிறீர்களா? ஹேமா மிஸ். என் ரெக்கார்டுக்கு மார்க் போடவேண்டிய அதே ஹேமா மிஸ்.

புடவை நெய்து முடிந்ததும் மிஸ்ஸும் அவருடைய அம்மாவும் பார்க்க வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் வரிசையாக வேண்டிக்கொண்டேன் (தெருவுக்கொரு கோயில் இருக்கும் எங்கள் ஊரில் அது சீக்கிரம் முடியாது).

"மாங்கா எங்க?" என்றார் மிஸ்ஸின் அம்மா. அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

"இது ஒரு செல் ஆன்ட்டி. ரெண்டா பிரியுது" என்றேன்.

முகூர்த்தப் புடவையைக் காட்டிச் சொல்கிற வார்த்தையா அது? அந்த அம்மாள் முகம் சுண்டிப்போனது.

"பெருகுதுமா" என்றார் அப்பா அவசரமாக. "ஒன்னு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். குடும்பம் தழைக்கும்."

அம்மாளுக்குத் திருப்தி. மிஸ் மட்டும் ஒரு புட்டாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேப்பர் திருத்தும் கண்ணோடு பார்த்தார்.

"அனாபேஸா?"

"ஆமா மிஸ்."

"ஸ்பிண்டில் இழை குரோமோசோமை இடுப்புல பிடிச்சுத்தானே இழுக்கும்? கை காலெல்லாம் பின்னால தொங்கிக்கினு போவணும். நீ கையைப் பிடிச்சு இழுத்து வெச்சிருக்க. தப்பு." புடவையைப் புரட்டி முந்தானை வரை பார்த்தார். "அத்தனையும் தப்பு."

நான் அழுதுவிட்டேன். மிஸ் சட்டென்று சிரித்தார். "இதையே கட்டிக்கிறேன்மா. நீ ரெக்கார்டுலயாவது சரியா போட்டுக்கினு வா."

கட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் செல்கள் தப்பும் தவறுமாகப் பெருகிக்கொண்டிருக்க, தாலி ஏறியது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது.

மிஸ் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். வருடத்துக்கு ஒருநாள், செல் பிரிதல் பாடத்தன்று, அந்தப் புடவையோடு வகுப்புக்கு வந்து தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வாராம். போன வருடம் என் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். சாயங்காலம் பையைக்கூட இறக்கவில்லை.

"நான்தான்மா மொதல்ல கண்டுபுடிச்சேன். யாரோ ஒரு மக்குப் பொண்ணு போட்டதாம். பேரு கேட்டா மிஸ் சொல்லல."

டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பேரு எனக்குத் தெரியும் கண்ணு" என்றார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரையும் படி என்று என்னால் அதட்ட முடிவதில்லை.