மஞ்சள் கட்டத்தில் இருப்பவர்

வாகன உரிம அலுவலகத்தின் இயக்குநர், அரசு செலவில் வெளிநாட்டு ஓவியக் கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். வந்த மறுநாளே சுற்றறிக்கை விட்டார்: பொதுநலன் கருதியும் அழகுணர்ச்சி கருதியும், ஓட்டுநர் உரிமத்தில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் இத்துடன் ரத்து செய்யப்படுகிறது, இனி முகங்கள் அலுவலக ஓவியரால் வரையப்படும், பாணி, கலை வரலாற்று வரிசைப்படி மாதந்தோறும் மாறும்.

அலுவலக ஓவியர் என்பவர், அதுவரை சுவர்களில் ‘இங்கே துப்பாதீர்கள்’ என்று எழுதிக்கொண்டிருந்தவர்.

மறுமலர்ச்சி மாதத்தில் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். லாரி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் சாந்தமான முகமும், முதுகுக்குப் பின்னால் மலையும் ஆறும் கிடைத்தன. பரோக் மாதத்தில் பாதி முகம் இருட்டுக்குள் போய்விட்டது; போலீஸ்காரர்கள் பட்டப்பகலில் டார்ச் அடித்து உரிமம் பார்த்தார்கள். ரியலிச மாதத்தில் முகம் உள்ளது உள்ளபடி வந்தது. புகார்கள் குவிந்தது அந்த மாதத்தில்தான்.

நம் மினிபஸ் டிரைவரின் உரிமம் இம்ப்ரெஷனிச மாதத்தில் காலாவதியானது. வாயில்லாப் பூச்சி, வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார். கன்னம் ஊதா, நெற்றி பச்சை, மீசை இருக்க வேண்டிய இடத்தில் சாயங்கால வெயில்.

மறுநாள் நாற்சந்தியில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தினார்.

“யாருய்யா இது?”

“நான்தான் சார். கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கணுமாம்.”

போலீஸ்காரர் தள்ளிப் போனார். இன்னும் தள்ளிப் போனார். தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றதும் முகம் தெரிய ஆரம்பித்தது. அதற்குள் நடுவே ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. பயணிகள் பொறுமையிழந்து இறங்கி நடந்தார்கள்.

“முகத்தைத் திருத்திக்கிட்டு வா. அதுவரைக்கும் ஸ்டியரிங்ல கை வைக்காதே” என்றார் பஸ் முதலாளி.

திருத்தப் போனார். அதற்குள் மாதம் மாறி க்யூபிசம் வந்துவிட்டது. புது உரிமத்தில் இரண்டு கண்ணும் இடது பக்கம், மூக்கு பக்கவாட்டில், காது நெற்றியில். நாற்சந்திப் போலீஸ்காரர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க மூக்கு தப்பான இடத்துல இருக்கே.”

“பிறந்ததுலேர்ந்து இங்கதான் சார் இருக்கு.”

“அரசாங்க முத்திரை எதுல இருக்கு? மூக்குலயா, படத்துலயா?”

டிரைவர் உரிமத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனைவி உரிமத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, எங்க அண்ணன் மாதிரி இருக்கே!”

“உங்க அண்ணனுக்கு நெத்தியிலயா காது?”

“கோபம் வந்தா அப்படித்தான் தெரியும்.”

வேலையில்லாமல் வீட்டில் இருந்த டிரைவர், துணி துவைக்கவும் ஒட்டடை அடிக்கவும் நன்றாகவே தேறிவிட்டார். ஆனாலும் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும். பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்தது.

சர்ரியலிச மாதத்தில் அவள்தான் துரத்தி அனுப்பினாள். ஓவியர் முகத்தையே பார்க்கவில்லை. “ராத்திரி என்ன கனவு கண்டீங்க?” என்று மட்டும் கேட்டார். பஸ்ஸுக்குள் மீன்கள் டிக்கெட் எடுத்ததாக டிரைவர் உண்மையைச் சொன்னார். மீன் வந்தது. செல்லுபடியாகும் தேதி வெண்ணெய் மாதிரி உருகி அட்டைக்கு வெளியே வழிந்திருந்தது.

டிரைவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அடுத்த மாதம் மறுபடியும் வந்து வரிசையில் நின்றவர், நேரே இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

“சார், என்னை மாதிரி ஒரு படம் வேணும். அவ்வளவுதான்.”

இயக்குநர் இரக்கத்தோடு பார்த்தார். “ஒருத்தரை மாதிரியே இருக்கிறதுங்கிறது போன நூற்றாண்டுப் பழக்கம். இந்த மாசம் அரூப ஓவியம். முகமெல்லாம் மேல்தோல் சமாச்சாரம். உங்க உள்ளே என்ன இருக்கு?”

“காலையிலேர்ந்து வரிசையில நிக்கிறேன். பசிதான் இருக்கு.”

இயக்குநர் ஓவியரை அழைத்துக் கைகாட்ட, அவர் தூரிகையை ஒரே இழுப்பு இழுத்தார். மஞ்சளாக ஒரு கட்டம்.

முதலாளியிடம் பஸ்ஸை வாங்கிக்கொண்டு போய், டிரைவர் அதை நாற்சந்தியில் நீட்டினார். ஆனால் போலீஸ்காரர்களுக்கும் இதற்குள் கலைப் பயிற்சி முகாம் நடந்து முடிந்திருந்தது. புரியவில்லை என்று சொன்னால் பதவி உயர்வு கிடைக்காது.

“ஆகா!” என்றார் போலீஸ்காரர். “அப்படியே நீங்கதான். போங்க சார்.”

சார்! டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்து பஸ்ஸை எடுத்தார். அன்றிலிருந்து எந்தத் தொல்லையும் இல்லை. வரிசையில் அதற்குமேல் பாணி இல்லாததால், ஊரில் எல்லோரும் பழசைக் கொடுத்துவிட்டு மஞ்சள் கட்டம் வாங்கிக்கொண்டார்கள். டீக்கடையில் பேச்சே அதுதான். “உங்களுது கொஞ்சம் வெளிறிப் போயிருக்கு. என்னுதுல ஒரு ஆழம் இருக்கு பாருங்க” என்று நம் வாயில்லாப் பூச்சி ஆசிரியர் ஒருவரிடமே வாதாடினார்.

அடுத்த வருடம் இயக்குநர் மாறினார். புதியவர் கலை தெரியாதவர். பழையபடி கேமராவைக் கொண்டுவந்து வைத்தார். முதல் புகைப்படம் நம் டிரைவருக்கு. கண், மூக்கு, மீசை எல்லாம் அதனதன் இடத்தில். டிரைவர் வெகுநேரம் அதை உற்றுப் பார்த்தார்.

“இது யாரு சார்?”

கூட வந்த மனைவியும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “இவரு மாதிரியே இல்லையே.”

பின்னால் நின்ற வரிசை முழுவதும் ஆமோதித்தது. கூச்சல் எழுந்தது. ‘எங்கள் முகத்தைத் திருப்பிக் கொடு’ என்று கோஷம் போட்டார்கள். மக்கள் உணர்வுக்கு மதிப்பளித்து, புதிய இயக்குநர் அன்று மாலையே இரு தரப்புக்கும் பொதுவாக ஓர் ஆணை பிறப்பித்தார்: உரிமத்தில் புகைப்படம்தான் இருக்கும், ஆனால் அவரவர் மஞ்சள் கட்டத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம்.

டிரைவர் தலை சீவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் கட்டத்தை முகம் மறையப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் சிரிங்க” என்றார் புகைப்படக்காரர்.

கட்டத்துக்குப் பின்னால் டிரைவர் மனம் விட்டுச் சிரித்தார். படம் பிரமாதமாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.