பீரோவுக்குள் ஒரு எதிரி

"டொக் டொக்னு சத்தம் கேக்குதே, வீட்டுல வேலை நடக்குதா?" என்று போனில் கேட்டார் வீட்டுத் தரகர்.

"யாரோ கதவைத் தட்டுறாங்க," என்று சொல்லிவிட்டு நூலகர் அவசரமாகப் போனை வைத்தார்.

தட்டியது ஒரு குருவி. வசந்தம் தொடங்கிய கையோடு எங்கிருந்தோ வந்து, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து, அன்று விடிந்ததிலிருந்து மல்லுக்கு நின்றது.

சனிக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அடுத்த தெருவில் இருக்கும் கணவன், மனைவி, கணவனின் அப்பா. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீடு அமைதியாக இருக்க வேண்டும். நூலகரின் கணவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வீடு விற்றால்தான் இவரும் அங்கே போக முடியும். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு இவருக்கு நாக்கே செத்துப்போயிருந்தது.

நூலகத்திலிருந்து பழைய செய்தித்தாள் ஒரு கட்டு கொண்டுவந்து ஜன்னலில் ஒட்டினார். குருவி கூடத்து ஜன்னலுக்குப் போனது. அங்கேயும் ஒட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் வீடு முழுக்கத் தாள். குருவி பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு மாறியது. நூலகர் அந்தக் கண்ணாடிக்கு ஒரு சாக்ஸை மாட்டிவிட்டார்.

"ஏம்மா, என் கார்ல உங்க சாக்ஸ் தொங்குதே?" என்றார் டாக்டர்.

"குருவிக்காகப் போட்டேன் டாக்டர்."

"அதுக்கு இந்த அளவு சேராதும்மா," என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை நூலகருக்குப் புது யோசனை. தாளையெல்லாம் கிழித்து ஜன்னல்களை விரியத் திறந்துவைத்தார். கண்ணாடி கண்ணில் பட்டால்தானே சண்டை? குளிர்காற்றோடு குருவியும் உள்ளே வந்து, நேராகப் படுக்கையறைக்குப் போனது. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. அதில் இதுவரை பார்த்ததிலேயே தெளிவான எதிரி.

வாசல் மணி அடித்தது. நூலகர் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடினார்.

"காத்தோட்டம் பரவாயில்ல," என்றாள் வந்த பெண், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "அந்த ரூம்?"

"அங்க என் மாமியார் தூங்குறாங்க."

டொக். டொக் டொக்.

"முழிச்சிட்டாங்க போல."

"இல்ல, தூக்கத்துல அவங்க அப்படித்தான்..." தன் பொய்யைக் கேட்க நூலகருக்கே வெட்கமாகிவிட்டது. "மாமியாரெல்லாம் இல்லைங்க. ஒரு குருவி. திங்கக்கிழமையிலேருந்து என் மானத்த வாங்குது."

"குருவியா?"

வந்தவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை வாயே திறக்காத பெரியவர் விறுவிறுவென்று போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தார். உள்ளே சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு நாளா நம்ம வீட்டு ஜன்னல்ல சத்தத்தையே காணோமேன்னு பார்த்தேன். இவன் இங்க வந்துட்டான்னா, நாம எதுக்குப்பா வீடு மாறணும்?"