தாமல் ஏரிக்கரை மீன் சாப்பாட்டுக் கடையை மூடுவது குறித்து

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
17-3-2006

அன்புத் தங்கை தேவகிக்கு அண்ணன் கலியாணசுந்தரம் ஆசீர்வதித்து எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி தில்லையம்மாளும் சௌக்கியம். சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்கவேண்டும். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் கோபம் ஆறினபிறகு எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

விஷயம், தாமல் ஏரிக்கரையில் அம்மா வழியில் நம் இருவருக்கும் வந்த நிலம். ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பா காரியத்தன்று அதை விற்கலாம் என்று நான் வாய் தவறிச் சொல்ல, "என் கையெழுத்து இல்லாம எப்படி விக்கறேன்னு பாக்கறேன்" என்று நீ சாப்பிடாமலே ரயிலேறிப் போனாய். அப்புறம் வரவே இல்லை. நானும் விற்கவில்லை. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை ஓய்வு பெற்றதும், போன தை மாதம் அதில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு மீன் சாப்பாட்டுக் கடை ஆரம்பித்தேன். சிரிக்காதே. எதிரே ஏரியில் பிடித்த மீன், நம் வயல் அரிசி, அண்ணி போட்ட கத்தரிக்காய். சாப்பிட்டுக்கொண்டே தண்ணீரில் நாரையும் கூழைக்கடாவும் பார்க்கலாம். பறவை பார்க்க வேடந்தாங்கல் வரைக்கும் போகிற மெட்ராஸ்காரர்கள் இங்கே வரமாட்டார்களா என்று நினைத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். தறிக்கு லீவு அமாவாசையன்றுதான். அன்றைக்குத்தான் அப்பா சைக்கிளில் உன்னை முன்னாலும் என்னைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு தாமலுக்கு மிதிப்பார். ஏரியெல்லாம் மீன் துள்ளும். ஆனால் அமாவாசை, நமக்கு ஆகாது. கரையில் உட்கார்ந்து பூசணிக்காய்க் குழம்புச் சோற்றை மென்றுகொண்டு, கொக்கு கெண்டையை விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருப்போம். "கொக்குக்கு மட்டும் அமாவாசை கெடையாதாப்பா?" என்று நீ கேட்டாய். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நாம் இரண்டு பேரும் மாறி மாறித் தலையில் தட்டினோம். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அந்த நினைப்பு புத்தியை மறைத்ததோ என்னவோ, விசேஷமான நாள் என்று தை அமாவாசையன்றே கடையைத் திறந்தேன். தறிக்காரர்கள் லீவில் இருப்பார்கள், கூட்டம் வரும் என்று நம்பினேன். வந்தது. பிள்ளையார்பாளையமே குஞ்சு குளுவானோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கூழைக்கடாவை வேடிக்கை பார்த்து, பானைத் தண்ணீரைக் காலி செய்து, "அமாவாசையும் அதுவுமா மீன் கடை தெறந்துக்கினு கீறியே, புத்தி கித்தி பெசகிக்கிச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனது. அண்டா நிறைய விரால் குழம்பை வைத்துக்கொண்டு அண்ணி என்னைப் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது.

பிறகு மெட்ராஸிலிருந்து கைலாசம் என்று ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், கழுத்தில் பைனாகுலர் தொங்க, ஏழெட்டுப் பேரோடு ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். நல்ல மனுஷர். ஆனால் பாதிப்பேர் கையில் தயிர்சாதப் பொட்டலம். "சார், அடுப்பைக் கொஞ்சம் அணைச்சிடுங்க, புகைக்குப் பறவை எழும்பிடும்" என்றார். அணைத்தேன். "பறவைக்கு மரியாத பண்ணிக்கினே இருந்தா மீனு எப்பதான் வேகறது?" என்று அண்ணி கத்த, இருந்த பறவையெல்லாம் எழும்பிவிட்டது. இன்னொரு நாள் ஒரு அம்மா, அது என்ன பறவை என்று கேட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், சைபீரியாவிலிருந்து வந்த ராஜநாரை என்றேன். கைலாசம் என் காதருகே வந்து, "வீட்டு வாத்து சார்" என்றார். அதற்குள் வாத்துக்காரனே கோலோடு வந்துவிட்டான்.

இதெல்லாம் போகட்டும். மாசியில் தண்ணீர் வற்றி, வலை போடும் முருகேசனுக்கு ஒரு கெளுத்திகூடச் சிக்கவில்லை. பலகையிலோ 'கண்ணெதிரே பிடித்துக் கண்ணெதிரே சமைப்பது' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன செய்வேன்? மார்க்கெட் மீனை ஆட்டோவில் அக்கரைக்கு வரவழைத்து, முருகேசன் அதை வலைக்குள் போட்டு, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தோளில் சுமந்துகொண்டு வருவான். போன ஞாயிறு மீன்கொத்தியைத் தேடிக்கொண்டிருந்த கைலாசத்தின் பைனாகுலரில் ஆட்டோ, ஐஸ் பெட்டி, முருகேசன் மூன்றும் வரிசையாக விழுந்துவிட்டன. இலையில் விழுந்த துண்டை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏன் சார், இந்த ஏரியில வஞ்சிரம்கூடக் கிடைக்குதா?" என்றார். "போன மழையில கடல்லேர்ந்து ஏறி வந்துருக்கும் சார்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தேவகி, நாற்பது வருஷம் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவன் நான். அன்று அந்தக் கரையில், அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில், தலை குனிந்து நின்றேன்.

அன்றே கடையை மூடிவிட்டேன். தரகர் துரைக்கண்ணு மனை போட்டு விற்கலாம் என்கிறார். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திட்டுத் தபாலிலேயே அனுப்பிவிடு. நேரில் வரவேண்டாம். கரையைப் பார்த்தால் நீ போடமாட்டாய். உன்னைப் பார்த்தால் நானும் போடமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்குக் காமாட்சி அம்மன் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: தேவகி, நான் அண்ணிம்மா. ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சிட்டேன். பத்திரத்த எடுத்து அடுப்புல வெச்சிட்டேன், கவருல தேடாத. உங்கண்ணன் வெக்கப்பட்டுக்கினு வீட்லயே குந்திக்கினு கீறாரு. பாத்திரம் எடுத்தாறேன்னு சொல்லிட்டு நான் தெனம் போய்க் கடைய நடத்திக்கினுதான் இருக்கறேன். அந்தப் பேராசிரியரு நேத்து இன்னும் பத்து பேர இட்டுக்கினு வந்தாரு. "மீன் எங்கேர்ந்து வந்தா என்னம்மா, குழம்பு உங்களுதுதானே"ன்னாரு. துரைக்கண்ணும் வந்தான். கரண்டியோட எழுந்தேன், போயிட்டான். இவ்ளோ எழுதினவரு கடைக்கு என்ன பேருன்னு ஒரு வார்த்த எழுதலியே, பாத்தியா? 'தேவகி மீன் சாப்பாடு.' யாரக் கேட்டு என் பேர வெச்சேன்னு சண்ட போடறதுக்காவது ஒரு தடவ வந்துட்டுப் போம்மா. நல்லா ஒட்டிட்டேன். தபால்ல போடப் போறது அவருதான்.