தலைவர் உரையின் நடுவே நான் மூக்கைச் சொறிந்தது

அன்பும் பயமும் சம அளவில் கலந்த வணக்கம் அக்கா,

இங்கே நான் நலம். அங்கே நீயும் அத்தானும் நலம், அத்தானின் முழங்கால் சுமார் என்று நம்புகிறேன். இதைப் படித்ததும் மாடி அறையிலிருந்து அத்தானின் உடற்பயிற்சி சைக்கிளை வெளியே தள்ளிவிட்டு ஒரு கட்டில் போடவும். எனக்கு வேலை போகப்போகிறது. எப்படி என்று நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

குடியரசுத் தலைவரின் உரைகளில் நகைச்சுவை சேர்க்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தபோது, "உன் ஜோக்குக்கு வீட்லயே யாரும் சிரிச்சதில்லையேடா" என்றாய். தலைவர் அம்மையாரும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. பாதி ஆயுளைப் புயல் ஆராய்ச்சியில் கழித்துவிட்டு ஆட்சிக்கு வந்தவர் அல்லவா? என் முதல் துணுக்கைப் படித்துவிட்டு, "இதை யார்கிட்ட சோதிச்சுப் பாத்தீங்க?" என்றார். "நானே சிரிச்சேம்மா." "அது சோதனை இல்லீங்க, சொந்தப் பிள்ளைக்கு மார்க் போடுறது." சரி என்று வாசல் காவலர்களிடம் படித்துக் காட்டினோம். பணியில் சிரிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு விதி, கல்லாக நின்றார்கள். அடுத்து செயலாளர்கள். அவர்கள் முதல் வார்த்தைக்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் வார்த்தை 'வணக்கம்'. "இவங்க பதவி உயர்வு என் கையெழுத்துல இருக்கு, இவங்க சிரிப்பைக் கணக்குல சேக்க முடியாது" என்று தாளை மடித்து வைத்துவிட்டார். தனக்குச் சாதகமான சான்றையே தள்ளிவிடும் ஆட்சியாளரை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? வியந்துகொண்டே அடுத்த துணுக்கை எழுதப் போனேன்.

நேற்று, அவர் முன்பு வேலை பார்த்த வானிலை நிலையத்தில் விழா. இந்த உரையிலும் யாரும் சிரிக்காவிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று செயலாளர் ஒருவர் என் காதில் போட்டிருந்தார். விடுவேனா? அலுவலக ஓட்டுநர்கள் நான்கு பேரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, "நான் மூக்கைச் சொறிஞ்சா சிரிக்கணும்" என்று ஏற்பாடு செய்தேன். அம்மையார், நான் வெட்டச் சொல்லி அவர் வெட்ட மறுத்த பகுதிக்கு வந்தார். இளம் வயதில் புயல் வரும் என்று சொல்லிக் கடலோரம் முழுவதையும் காலி செய்ய வைத்தார். புயல் வரவில்லை. மறுநாள் வானொலியில், "கருவி மேல தப்பில்ல, தப்பு என் கணக்குல" என்று அவரே சொன்னார். அதைக் கேட்டவர்கள்தான் பின்னாளில் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். "என் வாழ்க்கையிலேயே பெரிய அவமானம் அது" என்று அவர் குரல் தழுதழுத்த நேரம் பார்த்து, அந்த அரங்கத்துத் தூசியில் எனக்கு மூக்கு அரித்தது. கை தானாகப் போய்விட்டது அக்கா. ஓட்டுநர்கள் தொழிலில் சுத்தம். கூரை அதிரச் சிரித்தார்கள்.

முன்வரிசைகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தன. அம்மையார் கடைசி வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "சிரிங்க, சிரிங்க. ஆடு, கோழி, மாமியார் எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்திட்டு அண்ணாந்து பாத்தா ஒரு தூறல் கிடையாது! ஒருத்தர் எனக்குக் குடை வாங்கி அனுப்பினார்." அரங்கம் வெடித்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் மறுபடியும் கிளம்புங்கன்னேன். யார் வருவாங்கன்னு பயந்துக்கிட்டே சொன்னேன். ஒருத்தர் பாக்கி இல்லாம வந்தாங்க. அன்னைக்குப் புயல் வந்துச்சு."

அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன், மூக்குப் பக்கமே போகவில்லை.

ஓட்டுநர் ஒருவர் நல்ல பிள்ளையாக என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். இன்று காலை அம்மையார் கூப்பிட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய்ப் பொய் சொல்ல எனக்கே கூசுகிறது. உண்மையைச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பி வருகிறேன். ஆகவே கட்டில். முடிந்தால் மெத்தையும்.

பிள்ளைகளுக்கு முத்தம். அத்தானுக்கு வணக்கம், சைக்கிளுக்காக ஒரு மன்னிப்பு. நீ நூறு வயது வரை இதே குரல் வளத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் திட்டுக்கென்றே பிறந்த தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் போய் வந்துவிட்டேன். கட்டில் வேண்டாம், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். அம்மையார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "இனிமே கூலிக்கு ஆள் வைக்காதீங்க. ஜோக்கும் எழுத வேணாம். நான் பண்ணின தப்பு இன்னும் நெறைய இருக்கு, உக்காந்து எழுதிக்கங்க" என்றார். சாப்பாட்டு நேரம் வரை எழுதினேன் அக்கா. அவர் இன்னும் பள்ளிக்கூடத்தையே தாண்டவில்லை.