நாற்பத்து மூன்று வரிகளும் ஒரு லைட்டரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு காருக்குத் தீ வைத்தவள். கலவரத்தில் இல்லை, கோபத்தில் இல்லை. பட்டப்பகலில், டீ இடைவேளையில், முதலாளி பக்கத்தில் நிற்க, கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, மிகவும் பொறுப்பான ஓர் ஊழியராகத்தான் வைத்தேன். (வண்டி முழுசா எரியல, பயப்படாதீங்க. என் வயிறுதான் முழுசா எரிஞ்சது.)

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ். வந்து இறங்கும் தோலைப் பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ சொல்வது என் வேலை. இரண்டு லாட் தோல் வந்தால் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது என்று ஒப்பிட்டு எழுதித் தருவேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பெயரைவிடத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கம்பெனியில் கீழே பசை நெடியும் மெஷின் சத்தமும். மாடியில் ஏ.சி. வெளிநாட்டுப் பார்ட்டிகளோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் வேலை அங்கேதான். அதில் ஓர் இடம் காலியாகி இரண்டு மாதமாகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் மாடிப்படியைக் கடக்கும்போதெல்லாம் கோயிலைக் கடப்பதுபோல ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜி சார் என்போம். அவருக்குச் சொந்தமாகத் தோல் பதனிடும் தொழிற்சாலையும் உண்டு. அவர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரே ஒரு விதி தொங்கும்: ‘கத்தி பட்ட தோல் திரும்ப எடுக்கப்படமாட்டாது.’ வாங்கியவர் வெட்டுவதற்கு முன் ஆயிரம் குறை சொல்லலாம். வெட்டிவிட்டால் அது அவருடையது. ஒருமுறை ஆக்ராவிலிருந்து ஒரு பார்ட்டி, வெட்டிய தோலை மூட்டை கட்டிக்கொண்டு வந்து கண் கலங்கி நின்றார். ஹாஜி சார் அவரை உட்காரவைத்து வயிறு நிறையப் பிரியாணி போட்டு, மூட்டையையும் அவரையும் சேர்த்து ரயில் ஏற்றிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“ரேவதி, பழைய வண்டி பேஜார் பண்ணுது. பெரிய எஸ்.யூ.வி. ஒண்ணு எடுக்கணும். மூத்தவன் எலெக்ட்ரிக்குங்கறான். சின்னவன் இன்னாவோ பிளக்-இன் ஹைபிரிட்டுங்கறான். நீ ரெண்டு லாட்ட ஒப்பிட்டு எழுதுவியே, அதே மாதிரி எழுதிக் குடு.”

“சார், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது சார்.”

“நீ மாடு கூடத்தான் மேய்ச்சதில்ல. தோல் பாக்கலியா?” என்றவர், நான் வாசலைத் தாண்டும்போது சொன்னார்: “நல்லா எழுதுனீன்னா மாடிக்கு அனுப்பறேன்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் மனுஷியாக இல்லை. பஸ்ஸில் போகவரக் காதில் ஹெட்போன், கைப்பேசியில் கார் வீடியோ. மூன்றாவது வாரத்தில், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் கணவர் குமாரிடம் “டார்க், அதான் வண்டியோட இழுவை, எவ்வளவுன்னு தெரியுமா?” என்று கேட்டேன். அவர் “ரசம் எவ்ளோ இருக்குன்னு சொல்லு, போதும்” என்றார்.

அவருக்குப் புரியவைக்க நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். எலெக்ட்ரிக் வண்டி வீட்டிலிருந்து டிபன் கேரியர் எடுத்துப் போகிற ஆள். கேரியரில் இருக்கும்வரை ராஜா. தீர்ந்தால் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டுதான் கிளம்பவேண்டும். பிளக்-இன் ஹைபிரிட் என்பது குமாரேதான். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். வழியில் அது செரித்துவிட்டால் பிரியாணிக் கடையில் நிறுத்திவிடுவார். அதாவது வீட்டில் பிளக் போட்டுச் சின்ன பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். அது தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் பார்த்துக்கொள்ளும். குமார் யோசித்துவிட்டு, “அப்ப ஹைபிரிட்டுதான் புத்திசாலி” என்றார்.

என் தாள் அப்படிச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வரி எழுதியிருந்தேன். ஹாஜி சார் போவது வீடு, கம்பெனி, தோல் தொழிற்சாலை, வெள்ளிக்கிழமை மசூதி, வாரம் ஒருமுறை வேலூர். இதற்கு எலெக்ட்ரிக்கே தாராளம். மாதம் ஒருமுறை சென்னைக்கு? நெடுஞ்சாலையில் சார்ஜ் போட இடம் இருக்கிறது. கம்பெனிக் கூரையில் சோலார் வேறு சும்மா வெயில் காய்கிறது. ஹைபிரிட் என்றால் பேட்டரிக்கும் பார்க்க வேண்டும், இன்ஜினுக்கும் பார்க்க வேண்டும். முடிவு: எலெக்ட்ரிக். கீழே என் கையெழுத்து. மெர்ச்சண்டைசர் ஆன பிறகு எப்படிப் போடுவேனோ அந்தக் கையெழுத்து.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு டெமோ வண்டிகளும் ஒரே காலையில் கம்பெனி வளாகத்துக்கு வந்தன. வண்டிக்கு ஒருவராக டை கட்டிய விற்பனையாளர்கள் இறங்கினார்கள். டீ இடைவேளை வேறு. தையல் லைன் மொத்தமும் டம்ளரோடு சுற்றி நின்றது. ஹாஜி சாரின் டிரைவர் மகபூப் பாய் எலெக்ட்ரிக்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “சத்தமும் இல்ல, வாசனையும் இல்ல. இது வண்டியில்ல தங்கச்சி, சக்கரம் வெச்ச செல்போனு” என்றார். நான் அவரை அறியாமைக்காக மன்னித்தேன்.

ஹாஜி சார் என் தாளை மேலிருந்து கீழே படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம்.

“சீட்டு இன்னா தோலும்மா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிக்கியின் அளவு எழுதியிருக்கிறேன். கப் வைக்கும் துளை எத்தனை என்று எழுதியிருக்கிறேன். ஆம்பூரில், தோல் கம்பெனியில், தோல் பார்த்துச் சம்பளம் வாங்குகிற நான், நாற்பத்து மூன்று வரியில் ஒரு வரிகூடத் தோலைப் பற்றி எழுதவில்லை!

எலெக்ட்ரிக் ஆள் முந்திக்கொண்டார். “வீகன் லெதர் சார்.”

“அப்டின்னா?”

“எந்த மிருகத்தையும் கொல்லாம செஞ்சது சார்” என்றார் அவர் பெருமையாக. நூறு தோல்காரர்களுக்கு நடுவில் நின்று. டீ உறிஞ்சும் சத்தம்கூட நின்றுபோனது.

“ரெக்ஸின்னு சொல்லுப்பா” என்றார் மகபூப் பாய்.

“நம்மளது அசல் லெதர் சார்” என்றார் ஹைபிரிட் ஆள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஹாஜி சாரின் முகம் ஹைபிரிட் பக்கம் திரும்பியது. என் மாடிப்படி ஒவ்வொரு படியாகக் கழன்று விழுவதை நான் பார்த்தேன். வழி ஒன்றுதான் இருந்தது: அதுவும் ரெக்ஸின்தான் என்று நிரூபித்துவிட்டால் இரண்டும் சமம்; என் தாள் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.

முன் சீட்டைக் கிள்ளிப் பார்த்தேன், மடித்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். மேல்பூச்சு தடிமனாக இருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. அப்போதுதான் என் கை ஏப்ரன் பைக்குள் போனது. தைத்த நூலின் பிசிறை எரிக்க லைனில் லைட்டர் வைத்திருப்போம். தோல்காரர்களின் கடைசிச் சோதனையும் அதுதான்: அசல் தோல் எரிந்தால் முடி கருகிய நாற்றம் வரும், ரெக்ஸின் உருகிப் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். சாதாரணமாக ஒரு துண்டு வெட்டித்தான் எரிப்போம். (முழு சாமான்லயே வெக்கறது எந்த ஊரு பழக்கமும் இல்ல. என் பழக்கம்.)

சீட்டின் பக்கவாட்டில், அடியில், யார் கண்ணிலும் படாத ஓர் ஓரத்தில் லேசாகக் காட்டினேன். உருகியது. பிளாஸ்டிக் நாற்றம்!

“ரிஜெக்ட் சார்!” என்று எழுந்து நின்று கூவினேன். “இதுவும் ரெக்ஸின்தான்!”

ஹைபிரிட் ஆள் ஓடிவந்தார். வந்ததும், “மேடம், சைடு ரெக்ஸின்தான், புக்குலயே போட்டிருக்கு. ஒக்கார்ற எடம் மட்டும்தான் லெதர்” என்றார். லைன் மொத்தமும் சிரித்தது. மகபூப் பாய் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. “அப்ப ஒக்கார்ற எடத்தையும் பாத்துடலாம்” என்று குனிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சும்மா கிட்டே கொண்டுபோய் மிரட்டத்தான் நினைத்தேன். அவர் “மேடம்!” என்று அலறி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் லைட்டரும் நானும் சேர்ந்து சீட்டின் நட்டநடுவில் விழுந்தோம்.

எழுந்தபோது அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்பு வட்டம். மெதுவாக நாற்றம் பரவியது. முடி கருகிய நாற்றம். சுற்றி நின்ற நூறு பேரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். நூறு தலைகளும் திருப்தியாக ஆடின. யாரோ “ஒரிஜினல்” என்றார்கள். என் வாயும் பதினோரு வருடப் பழக்கத்தில், என்னைக் கேட்காமல், தெளிவாகச் சொன்னது:

“பாஸ்!”

செக்யூரிட்டி தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்து, அதன் பூட்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, யார்மேல் அடிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்து நின்றார். ஹைபிரிட் ஆள் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.  என் கண் ஹாஜி சார்மேல் இருந்தது.

அவர் வந்து அந்த வட்டத்தை விரலால் தடவினார். முகர்ந்தார்.

“நல்ல தோல்” என்றார். பிறகு, “இதே வண்டிதான். எடுத்துக்கறேன்.”

“சார், இது டெமோ வண்டி சார். புதுசு தர்றோம்,” என்றார் ஹைபிரிட் ஆள், பாதி எழுந்து.

“வேணாம் தம்பி. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கத்தி பட்டா திருப்பி எடுக்க மாட்டேன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கேன். எங்க ஆளு கை வெச்சத நான் திருப்பி அனுப்பிட்டு, நாளைக்கு ஆக்ராகாரன் மொகத்துல எப்டி முழிப்பேன்?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “உன் ரிப்போர்ட்டுல எத எடுக்கச் சொல்லியிருந்த?”

“எலெக்ட்ரிக், சார்.”

“ம்ம். நல்ல ரிப்போர்ட்டு” என்று தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். குமார் ரசத்தைக் குடித்து முடித்தார். கடைசியில், “எரிஞ்சது ஹைபிரிட்டா?” என்றார். “ஆமா.” “அப்ப நான் சொன்னதுதான் ஜெயிச்சிருக்கு” என்று சந்தோஷமாகத் தூங்கப் போனார்.

ஒரு வாரம் வேலை போய்விட்டது என்றே நினைத்து அழுதேன். எட்டாம் நாள் ஹாஜி சார் கூப்பிட்டார். “நீ பாஸ் சொன்னா உன் ரிப்போர்ட்டு தோத்துடும். தெரிஞ்சும் பாஸுன்னு சொன்ன பாரு. வெளிநாட்டுக்காரன்கிட்ட பேச அந்த மாதிரி ஆளுதான் வேணும். திங்கக்கெழமலேந்து மாடிக்குப் போ.” அது நேர்மை இல்லை, வாய் உளறல் என்று அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

வண்டி இன்னும் இருக்கிறது. அதன் சார்ஜ் வயரை மகபூப் பாய் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரிக்கவே இல்லை. பெட்ரோல் வாசனை இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வராதாம். இப்படி ஒரு வரி என் நாற்பத்து மூன்றில் இல்லவே இல்லை. கருப்பு வட்டத்தின்மேல் நானே ஒரு துண்டுத் தோலை வட்டமாக வெட்டித் தைத்தேன். தையல் கொஞ்சம் கோணல்.

எங்கள் குடும்பத்தில் இது தீராத கதை. என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்க அணைக்கட்டு என்ற ஊருக்குப் போனோம். பெண் காபித் தட்டோடு வந்து நின்றதும் என் மாமியார் எல்லோர் முன்னாலும், “ரேவதி, லைட்டர வெளிய வெச்சிட்டுதான வந்த?” என்றார். இன்று அந்தப் பெண் என் ஓரகத்தி. நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் சோபாவின்மேல் போர்வையை இழுத்து மூடிவிட்டுத்தான் “வாங்கக்கா” என்கிறாள்.

மாடி வேலையில் மாதம் ஒருமுறை பார்ட்டியை அழைத்துவர சென்னை விமான நிலையத்துக்குப் போகவேண்டும். அந்த வண்டியில்தான். ஹாஜி சார் பின்னால் உட்காருவார். எனக்கு முன் சீட்டு, அதே சீட்டு.  மூன்று மணி நேரம் அந்த ஒட்டின்மேல் உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் போவேன். வண்டி பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டும். ஒருமுறைகூடத் தவறாமல், பின்னாலிருந்து அந்தக் குரல் அக்கறையோடு கேட்கும்:

“இன்னாம்மா ரேவதி, சீட்டு சுடுதா?”