புள்ளி வாத்தியாரும் புள்ளியில்லாத சூரியனும்

சூரியனுக்கே ஹாஜர் எடுத்த மனுஷன் உலகத்தில் ஒருத்தர்தான். திண்டுக்கல்லில் எங்களுக்கு எட்டாம் வகுப்பு எடுத்த புள்ளி வாத்தியார். சொந்தப் பேர் ஒன்று இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை.

பழைய பைனாகுலர் ஒன்றை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டுவார். ஒரு கண்ணுக்குத் தக்கை அடைப்பு. மறு கண் வழியாகச் சூரியன் உள்ளே வந்து, வெள்ளைத் தாளில் இட்லி அளவுக்கு விழும். அதில் கறுப்புப் புள்ளி எத்தனை என்று நாங்கள் எண்ண வேண்டும். கார்டில் எழுதி, மலை மேலிருந்த சூரிய ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவார். பல ஊரிலிருந்தும் அப்படி எழுதிப் போடுவார்களாம்.

மேகம் மறைத்தால் அடி எங்களுக்கு.

அந்த வருஷம் சூரியன் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி சுத்தம். வாரக்கணக்கில் ஒரு புள்ளி இல்லை. ஒருத்தன் மனசு கேட்காமல், "மூணு இருக்கு சார்" என்றான்.

"ஏலே, உங்கப்பனா கொண்டுபோய் வச்சாரு? இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. அதுவும் கணக்குத்தான்."

அப்போது பார்த்து, அந்தப் புள்ளியைப் பார்க்கணும் என்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் சரி என்றால்தான் வாத்தியாருக்கு வேலை நிரந்தரம். ஹெட்மாஸ்டர் வாத்தியாரை ஓரமாக இழுத்தார்.

"ஏன்யா, இன்னைக்கு ஒண்ணாச்சும் தெரியுமா?"

"அது நம்ம கையிலயா சார் இருக்கு?"

வாத்தியார் இன்ஸ்பெக்டரை அழைத்துவரப் போனார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார். தாளில் விழுந்த சூரியனின் நடுவே ஒரு புள்ளி வைத்தார். உதட்டில் விரல் வைத்து எங்களை முறைத்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "அடடே, நல்லாத் தெரியுதே!"

பூமி சுற்றாமல் சும்மா இருக்குமா? தாளில் சூரியன் மெல்ல நகர்ந்தது. புள்ளி நகரவில்லை. செத்த நேரத்தில் சூரியன் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம்.

"என்னய்யா இது, புள்ளிய விட்டுட்டுச் சூரியன் மட்டும் போகுது?"

வாத்தியார் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது.

"இது மைங்கய்யா. இன்னைக்குச் சூரியன்ல ஒண்ணுமில்ல."

"யாரு வச்சது?"

வாத்தியார் ஹெட்மாஸ்டரின் பேனாவைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் சுவரில் பல்லியைப் பார்த்தார்.

"தெரியுங்கய்யா. சொல்ல மாட்டேன்" என்றார் வாத்தியார்.

வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதமே அனுப்பிவிட்டார்கள். செம்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு சின்னப் பள்ளியில் இடம் கிடைத்தது.

பஸ் ஏற்றிவிட வகுப்பே போனோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எங்கள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

"ஏலே, எல்லாப் பயலும் நேரா வெயிலப் பாத்தீங்களாக்கும்?"

"ஆமா சார்" என்றோம்.

அந்தப் பொய்யை மட்டும் அவர் திருத்தவில்லை.